சாமந்தி மாலை போட்ட பாசி

உலகத்தில் மிக அதிகமாக இருக்கும் நொதிதான் கிட்டத்தட்ட மிகச் சோம்பேறியான நொதியும். கரியமில வாயுவைப் பிடித்து உணவாக்க வேண்டியது அதன் வேலை. வினாடிக்கு மூன்று நான்கு மூலக்கூறு பிடித்தால் பெரிய காரியம். நடுநடுவே ஆக்ஸிஜனைத் தவறிப் பிடித்துக்கொண்டு விழிக்கும். மனிதனாகப் பிறந்திருந்தால் இந்நேரம் பதவி உயர்வு வாங்கியிருக்கும்.

பாசியின் செல்லுக்குள் இது உருண்டையாக நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு நொதியிலும் எட்டுப் பெரிய துண்டு, எட்டுச் சிறிய துண்டு. செல்லை உறையவைத்து, மெல்லியதாகச் சீவி, படமெடுத்து, அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பது என் மகளின் ஆராய்ச்சி. படத்தில் புள்ளிகளை எண்ணுவது, தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்ற என் பொழுதுபோக்கு. யாரும் கேட்டு நான் எண்ணவில்லை.

பெங்களூரில் உள்ள பெரிய நுண்ணோக்கியில் மாதக்கணக்கில் காத்திருந்து விஜயதசமிக்கு மறுநாள் அவளுக்கு இடம் கிடைத்தது. தவறினால் அடுத்த இடம் கிடைப்பதற்குள் அவளுடைய ஆய்வுக்காலம் முடிந்துவிடும். உறையவைக்கும் கருவி விழுப்புரத்தில் இருந்தது. வேறு யாரும் கேட்காததால் விஜயதசமி பிற்பகலைத் தாராளமாக எங்களுக்குத் தந்திருந்தார்கள்.

அன்று காலை திண்டிவனத்தில் அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். முந்தின நாள் ஆயுத பூஜையில் தராசு முதல் குளிர்பெட்டி வரை சந்தனம், குங்குமம். பாசி வளரும் விளக்குப் பெட்டிக்கு மட்டும் தனி மரியாதை: விளக்கை அணைத்து, பட்டுத்துணி போர்த்தி, சாமந்தி மாலை. இருட்டில் விட்டால் உருண்டையிலிருந்து நொதி கலைய ஆரம்பிக்கும்.

"யாருண்ணே ஆஃப் பண்ணது?" என்று உதவியாளரைக் கேட்டாள்.

"நான்தாம்மா. வருஷம் பூரா எரிஞ்சிக்கினே இருக்குது. பூசையன்னிக்காச்சும் ரெஸ்ட் எடுக்கட்டுமேன்னு."

"உள்ள உசுரு இருக்குண்ணே."

"அதுக்கும் சேத்துதாம்மா கற்பூரம் காட்னேன்."

ஆராதனையில் ஒரு குறையும் இல்லை. மகள் குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நாலஞ்சு மணி நேரம் வெளிச்சம் பட்டா திரும்ப ஒண்ணுசேரும்ப்பா. பஸ்லயே பாதி நேரம் போயிடுமே."

"பஸ்ஸுக்குள்ள வெயில் வராதுன்னு யார் சொன்னா?" என்றேன்.

விழுப்புரம் பேருந்தில் முப்பத்தொரு பேரும் வலப்பக்க நிழலுக்கு முண்டியடித்தார்கள். இடப்பக்க ஜன்னல் எனக்காகக் காலியாக இருந்தது. சூடேறாமலிருக்க ஈரத்துண்டைச் சுற்றிக் குடுவையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"பெரியவரே, இப்படி நிழலா வந்து குந்துங்க. வெயில்ல இன்னாத்துக்கு வேவுறீங்க?" என்றார் நடத்துநர்.

"எனக்கில்லப்பா, இதுக்கு."

குடுவையை உற்றுப் பார்த்தார். "சக்கரைக்கா? எனக்கும் முந்நூறு காட்டுது. ஒரு மடக்கு குடுங்களேன்."

"பாசித் தண்ணிப்பா."

"குளத்துல கெடக்கறத டிக்கெட் எடுத்து இட்டுனு போறீங்களே."

"அதுக்கு டிக்கெட் எடுக்கலண்ணே," என்றாள் மகள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

விழுப்புரத்தில் இறங்கியும் விமோசனமில்லை. உறையவைக்கும் நேரம் வரை அந்தக் கட்டடத்து வாசலில், வாட்ச்மேன் சந்தேகத்தோடு பார்க்க, இருவரும் மாறிமாறிக் குடுவையோடு வெயிலில் நின்றோம். மாலையில் உறைந்த பாசியோடு அவள் பெங்களூர் கிளம்பினாள்.

அடுத்த வாரம் தொலைபேசியில் கூப்பிட்டாள். சீவிய ஒன்பது செல்களில் நான்கில் உருண்டை கலைந்தே இருந்ததாம்.

"மத்த அஞ்சு?"

"கெட்டியா இருக்குப்பா. அஞ்சு போதும்."

போனை வைத்தேன். இடது கன்னத்தில் உரிந்துகொண்டிருந்த தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன்.