வலிப்புப் பட்டியலும் மூன்று ஃப்ளாப்பிகளும்

என் மகளுக்கு முதன்முதலாக வலிப்பு வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. ஆவடியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். பிட்டு எடுத்த துண்டு வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. "என்னடி?" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயின. அதன் பிறகு நடந்ததை எழுத இப்போதும் எனக்குக் கை வரவில்லை.

பட்டணத்துக்குள் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கே இருந்த டாக்டர் அம்மாள் மாத்திரை எழுதித் தந்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அதுக்கு முன்னாடி தூங்கினாளா, சாப்பிட்டாளா, காய்ச்சல் இருந்ததா, அன்னிக்கு மாத்திரை எத்தனை மணிக்குக் குடுத்தீங்க, எல்லாத்தையும் எழுதி வைங்க. நான் கூட இருந்து பார்க்க முடியாது. நீங்க எழுதறதுதான் எனக்குக் கண்ணு."

எழுதினேன். முதலில் நோட்டில். பிறகு கம்ப்யூட்டரில். என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அவருடைய அப்பாவும் அம்மாவும் வெள்ளானூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். கம்பெனியில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றையும் பிரிண்டர் ஒன்றையும் கேட்டு வாங்கி வந்தார். நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். வக்கீல் ஆபீஸ்களுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுத்தேன். அப்படியே மகளுடைய பட்டியலையும் அதில் ஏற்றினேன். கட்டம் போட்டு அழகாக வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தந்த மாதத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துப் போவேன். டாக்டர் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். அந்தத் தாளின் பின்பக்கத்தை டைப்பிங் வேலைக்கு ரஃப் பேப்பராக வைத்துக்கொண்டு, பிறகு பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவேன். முதல் நோட்டும் அப்படித்தான் போனது. எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்ற நினைப்பு.

இரண்டு வருஷம் ஓடியது. வலிப்பு குறையவில்லை. ஒரு முறை டாக்டர் மாத்திரைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மருந்தை மாத்தணும்னு தோணுது. ஆனா எதுக்கு மாத்தறதுன்னு பார்த்து முடிவு பண்ணணும். அடுத்த வாரம் வரும்போது ஆரம்பத்திலிருந்து எல்லாத்தையும் கொண்டு வாங்க. ஒண்ணு விடாம."

"எல்லாம் இருக்கு மேடம்" என்றேன். பெருமையாகக்கூடச் சொன்னேன்.

மூன்று நாள் கழித்து, மதியம் சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டேன். விசிறி சுற்றியது. திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது, வட்டு கிடைக்கவில்லை என்று. அணைத்துப் போட்டேன். மறுபடி அதே வரி. எத்தனை தடவை போட்டேனோ தெரியாது. உள்ளங்கை ஈரமாகி, சுவிட்ச் வழுக்கியது. மகள் பக்கத்து அறையில் பாயில் படுத்து, கலர் பென்சிலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவளுடைய இரண்டு வருஷத்தைத் தொலைத்தவள் நான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும் போல இருந்தது.

தெருமுனை டெலிபோன் பூத்துக்கு ஓடிப்போய் என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. "நீ அத்தத் தொடாத. நான் ஆளை அனுப்பறேன்" என்றார்.

வந்தவர் ஐம்பது வயது இருக்கும். முன்பு ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்தவர். இப்போது கம்ப்யூட்டரும் பார்த்தார். பெட்டியைத் திறந்து, உள்ளே எல்லாம் பதிந்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் மேல் விரலை வைத்து, காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"சுத்தவே இல்லம்மா. உள்ள தட்டு ஒட்டிக்கினு கீது. இன்னா வெச்சிருந்த இதுல?"

சொன்னேன். அவர் பக்கத்து அறையை ஒரு முறை எட்டிப் பார்த்தார்.

"காப்பி எதுனா எடுத்து வெச்சிருக்கியா?"

"இல்லண்ணே."

அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். டிஸ்கைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்தார். "ஒரு வழி கீது. ஆனா இத்தோட செத்தாலும் செத்துரும். செய்யட்டா?"

என்னிடம் ஏன் கேட்கிறார் என்று ஆத்திரமாக வந்தது. அந்த முடிவை வேறு யாராவது எடுக்கக் கூடாதா? கணவர் வரும்வரை காத்திருக்கலாமா என்று நினைத்தேன். காத்திருந்தாலும் அவரும் என்னைத்தான் கேட்பார்.

"செய்யுங்கண்ணே" என்றேன்.

பூட்டுக்குள் சாவியைத் திருப்புவதுபோல டிஸ்கைச் சட்டென்று ஒரு திருப்புத் திருப்பினார். இன்னொரு முறை. வயரை மாட்டி, பெட்டியை மூடாமலே சுவிட்சைப் போடச் சொன்னார். மெல்லிய ஊளைச் சத்தம் கிளம்பி ஏறியது. திரை உயிர் பெற்றது.

"அணைச்சுடாத! திரும்ப எய்ந்துக்குமோ இன்னாவோ. சீக்கிரம் ஃப்ளாப்பி எடு."

டைப் அடித்ததைப் பதிந்து வைக்கும் சதுரத் தகடு அது; பழையது ஒன்றைப் போட்டேன். கறகறவென்று அரைத்தது. எழுத முடியவில்லை என்று வந்தது. அப்போது கூடத்து பல்பு மங்கியது. எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கினால் அடுத்து கரண்ட் போவதுதான் வழக்கம். யூ.பி.எஸ். எல்லாம் எங்களிடம் கிடையாது. நான் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். கைக்கு அடுத்த ஃப்ளாப்பி அகப்படவில்லை.

அந்த நேரத்தில் பக்கத்து அறையில் பென்சில் டப்பா கீழே விழும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். போட்டதைப் போட்டபடி விட்டு ஓடினேன். அவள் உடம்பு விறைத்து வெட்ட ஆரம்பித்திருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே என் முந்தானையைச் சுருட்டி வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மெக்கானிக் அறை வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"யம்மா, சாவிக்கொத்து கீது என்னாண்ட. கையில குடுக்கட்டா?"

"வேணாம்ணே. அதெல்லாம் குடுக்கக் கூடாது. நீங்க போய் அதைப் பாருங்க. பட்டியல்னு பேர் போட்ட ஃபைல். மேஜை டிராயர்ல வேற ஃப்ளாப்பி இருக்கும்."

அவர் போனார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவள் முதுகைத் தடவினேன். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். கூடத்தில் கறகற சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. எந்தப் பயம் பெரியது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இரண்டு நிமிஷம் நாற்பது வினாடியில் அவள் உடம்பு தளர்ந்தது. மூச்சு சீரானது. அவளுடைய சிவப்புப் பென்சிலாலேயே சுவரில் நேரத்தைக் குறித்தேன்.

"ஏறிடுச்சும்மா" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "ரெண்டு ஃப்ளாப்பில ஏத்தியிருக்கேன். கொயந்த எப்படி கீறா?"

"தூங்கறாண்ணே" என்றேன்.

கரண்ட் போகவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அந்த டிஸ்க் எழவில்லை. எத்தனை திருப்பியும் எழவில்லை.

கம்பெனிக் கம்ப்யூட்டரில் பட்டியலைத் திறந்து என் கணவர் முழுசாக பிரிண்ட் எடுத்து வந்தார். டாக்டர் அதை மேஜை மேல் பரப்பி ஸ்கேல் வைத்துப் பார்த்தார். வலிப்பு வந்த நாள்களில் பாதிக்கு மேல், காலை மாத்திரை தாமதமான நாள்கள் என்று அவர்தான் கண்டுபிடித்தார். மாதத்துக்கு மாதம் பார்த்தபோது எனக்கு அது தெரியவே இல்லை. நேரத்தையும் மருந்தையும் மாற்றினார்.

வேறு டிஸ்க் வந்தது. இனி எப்படிக் காப்பி எடுப்பது என்ற பேச்சும் வந்தது. கம்பெனியில் ஓர் ஆபீசர், முழு டிஸ்கையும் சுருக்கி வரிசையாக ஃப்ளாப்பிகளில் ஏற்றும் ப்ரோக்ராம் ஒன்றைக் கொடுத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். எண் போட்டு எண் போட்டு ஃப்ளாப்பி மாற்றினோம். பதினேழாவது கெட்டுப்போயிருந்தது. ஒன்று கெட்டால் மற்றதெல்லாம் வீண் என்று திரை சொன்னது. என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். டேப்பில் எடுக்கும் மிஷின் இருக்கிறதாம், அதை விசாரிக்கலாம் என்றார்.

"அது ரிப்பேரானா?" என்று கேட்டேன்.

எனக்கு வேண்டியது கம்ப்யூட்டர் முழுவதும் இல்லை. டைப்பிங் வேலை போனால் திரும்ப அடித்துக் கொடுப்பேன். பட்டியல் ஒரு ஃப்ளாப்பியில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. என் கை நடுங்கும் நாளிலும் செய்ய முடிகிற வழியாக இருக்க வேண்டும். அதனால் மூன்று ஃப்ளாப்பி புதிதாக வாங்கினேன். தினமும் சாயங்காலம் விளக்கேற்றியதும் பட்டியலைக் காப்பி எடுப்பேன், ஒரு நாள் ஒன்றில், மறுநாள் இன்னொன்றில். எடுத்ததை உடனே ஃப்ளாப்பியிலிருந்தே திறந்து, கடைசி வரி இருக்கிறதா என்று பார்ப்பேன். மூன்றாவது ஐயப்பன்தாங்கலில் என் அக்கா வீட்டில். ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி வழியாகப் பஸ் பிடித்துப் போய், வீட்டிலிருந்து எடுத்துப் போனதை வைத்துவிட்டு அங்கே இருந்ததைக் கொண்டு வருவேன். மாதம் ஒரு முறை காகிதத்திலும் எடுப்பேன். அந்தத் தாள்களைப் பழைய பேப்பர்காரர் கண்ணில் காட்டுவதில்லை.

முதல் மாதமே ஓர் அதிர்ச்சி. அக்கா வீட்டுக்குப் போனால், ஃப்ளாப்பி டேப்ரெக்கார்டர் ஸ்பீக்கர் மேலே பூவேலைத் துணிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

"அக்கா! அதுக்குள்ள காந்தம் இருக்குக்கா! எல்லாம் அழிஞ்சிடும்!"

"எனுக்கு இன்னாடி தெரியும்? நல்ல எடமாச்சேன்னு வெச்சேன்" என்றாள். எடுத்துக்கொண்டு ஓடிவந்து பார்த்தேன். திறக்கவில்லை. ஆனால் வீட்டில் இரண்டு இருந்தன. அதற்குப் பதில் புதிதாக ஒன்று வாங்கி ஏற்றினேன். அன்றிலிருந்து அது அக்காவின் புடவை பீரோவுக்குள் போனது.

புது மருந்தில் வலிப்பு மெல்ல இடைவெளி விட்டது. வாரம் ஒன்று என்பது மாதம் ஒன்று ஆனது. பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க ஒன்றும் வரவில்லை. பட்டியலில் எழுத எதுவும் இல்லை. இருந்தும் நான் தினமும் காப்பி எடுத்தேன்.

"நேத்து இருந்ததுதானே இன்னிக்கும் கீது. இன்னாத்துக்கு எடுக்கற?" என்று ஒரு நாள் என் கணவர் கேட்டார்.

நான் ஃப்ளாப்பியைப் போட்டேன். நிறுத்தினால் அன்றைக்கே வலிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தை வாய்விட்டுச் சொன்னால் அதுவே நடந்துவிடும் போல இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசி வரி திரையில் வரும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.