என் முறையை விட்டுக்கொடுத்த நாள்

ரேடியோவில் கபடி வர்ணனை செய்தவன் என்றால் பெரிய ஆள் என்று நினைக்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. எண்பதுகளில் வருடத்துக்கு மூன்று நாலு தடவை கூப்பிடுவார்கள். மீதி நாளெல்லாம் ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் முன்னால் நின்றேன். அதற்கு முன்னால் பல வருடம் ஊர் ஊராகப் போய் கபடிப் போட்டிகளில் மைக் செட்டில் கத்தியவன் நான். தளிப் பக்கம் போனால் பாதிக் கன்னடம், வேறு ஊரில் பாதித் தெலுங்கு. பிடிபட்டவன் எந்த பாஷைக்காரனோ அந்த பாஷையில் கிண்டல் பண்ணினால்தான் கூட்டம் சிரிக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது, அதுவும் தளியிலிருந்து வந்ததுதான். 'வா' என்றால் வராது, 'பா' என்று கன்னடத்தில் கூப்பிட்டால் வரும். மேட்ச் நடக்கும் இடத்துக்கெல்லாம் என் பின்னாலேயே வந்து ஸ்பீக்கருக்கு அடியில் படுத்துக்கொள்ளும். ரேடியோவில் பேச ஆரம்பித்த பிறகு ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டில் ரேடியோ இருந்த அலமாரிக்கு அடியில் படுத்தது. "நீங்க பேசறத முழுசாக் கேக்கற ஒரே ஜீவன் இதுதான்" என்பாள் மனைவி.

அதற்கு வயதாகிவிட்டது. மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, எழுந்திருக்கவில்லை. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஊசிகூடப் போடாமல் போனார். அந்த நேரம் பார்த்து சேலத்தில் ஒரு இறுதி ஆட்டம்.

"இன்னிக்கு ஒரு நாள் போகாதப்பா" என்றாள் மகள். அப்போது அவளுக்குப் பத்து வயது. "உன் சத்தம் கேட்டாத்தான் அது தலையத் தூக்குது."

"போகலைன்னா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க. ரெண்டாவது பாதி முழுக்க நான்தான். ரேடியோவ அது பக்கத்துல வெச்சுக்கோ, கேக்கும்."

ரேடியோவில் இரண்டு பேர் பேசுவோம். முதல் பாதி சீனியர், இரண்டாவது பாதி நான். சேலத்தில் இடைவேளைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆட்டம் சமமாக நின்றது. சீனியர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஆட்டம் டைட்டாப் போகுது. நானே முடிச்சிடறேனே. அடுத்த மேட்சு பூரா உனக்குத்தான். நான் சொல்லிடறேன்."

கம்பெனியில் ஃபோர்மேன் மேஜை மேல் ஸ்பேனரை வீசியவன் நான். யூனியன் கூட்டத்தில் யாரையும் விட்டுவைத்ததில்லை. அன்றைக்குச் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்னங்கண்ணே, நீங்களே பண்ணுங்க" என்றேன். இரண்டாவது பாதி முழுக்கப் பாயிண்டைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அவர் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தேன். ஒருவன் நாலு பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டான். அதைச் சொல்ல என் வாய் துடித்தது, சொன்னது அவர்.

நாய் ஞாபகம் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வந்தது. நாய்க்காக மைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனேன். அலமாரிக்கு அடியில் சாக்கு மட்டும் கிடந்தது. ஆட்டம் முடிவதற்குள் நாய் செத்துவிட்டதாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் காம்பவுண்டுக்குப் பின்னால் அப்போதே குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள்.

"அது காதுகிட்டவே வெச்சிருந்தேன்" என்றாள் மகள். "யாரோ பேசிட்டே இருந்தாங்க. நீ பேசவே இல்லப்பா."

"அந்த ஆளு மைக்கக் குடுக்கலம்மா."

அவள் நம்பினாள். அதற்குப் பிறகு சீனியர் குரல் ரேடியோவில் வந்தாலே எழுந்து போய் அணைத்துவிடுவாள். எந்த விளையாட்டாக இருந்தாலும் சரி. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். நானாகத்தான் விட்டுக்கொடுத்தேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

சீனியர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். அடுத்த மேட்ச் முழுவதும் எனக்கே கிடைத்தது. தொண்டை கட்டும் அளவுக்குப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகள் வாசலில் நின்றிருந்தாள்.

"இந்தத் தடவை அவரு குடுத்தாராப்பா?"

"குடுத்தாரு" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.