நாலாவதாக வந்த சக்கரம்

என் சகலைக்கு 'மின்னல்' என்று பெயர். வைத்தவரும் அவரேதான். பட்டப்பெயர் என்பது ஊரார் பார்த்து வைப்பது. தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டு, அதைக் காரின் இரண்டு கதவிலும் மஞ்சள் பெயின்ட்டில் எழுதிக்கொண்ட மனிதரை அவரைத் தவிர நான் பார்த்ததில்லை.

அவர் மனைவியும் என் மனைவியும் கூடப் பிறந்தவர்கள். அந்த ஒரு குற்றத்துக்காகப் பதினோரு வருடமாக அவருடைய பந்தயங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

வாரத்தில் ஆறு நாள் சகலை கண்ணாடிக் கடைக்காரர். உள்ளறையில் என் கொழுந்தியா கண் பரிசோதிப்பாள். வெளியே இவர் நின்றுகொண்டு, எந்த மூஞ்சிக்கு எந்த ஃப்ரேமை மாட்டினாலும் "எடுப்பா இருக்கு சார்" என்பார். ஏழாவது நாள் பந்தய வீரர். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட பழைய விமான ஓடுதளம் ஒன்று உண்டு. அதில் டயர்களை அடுக்கி வளைவுகள் அமைத்து, இவரைப் போன்ற பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிறு காலையில் கார் ஓட்டுவார்கள். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட இவர் முதல் ஐந்து பேருக்குள் வந்ததில்லை. பாதி நாள் முடித்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருக்கும். வெயில், மழை, பெட்ரோல், கொடி காட்டியவரின் கை. ஒருமுறை, "முன்னால போனவன் வழியே விடல சகலை" என்றார். முன்னால் போகிறவன் வழிவிட இவர் என்ன ஆம்புலன்ஸா ஓட்டினார்?

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருடமாக நாற்பதைத் தாண்டியதில்லை. அதனால் எனக்கு வண்டியைப் பற்றி எதுவும் தெரியாது என்பது சகலையின் முடிவு.

அவருடைய கார் பதினான்கு வயதான சின்னக் கார். பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். ஸ்டியரிங் புதிது, சைலன்சர் புதிது, டிரைவர் சீட் புதிது. அகலச் சக்கரங்கள் வாங்கி மாட்டினார். மாட்டிய பிறகும் அவை வெளியே துருத்திக்கொண்டு நிற்கவில்லை என்ற குறை. சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே கட்டைவிரல் கனத்துக்கு ஒரு வளையத்தைச் செருகி வெளியே தள்ளினார். ஹப் என்பது சக்கரத்தை போல்ட் போட்டு மாட்டுகிற இரும்பு வட்டு. பேரிங்கில் சுற்றுவது அதுதான். வண்டியின் பாரம், பிரேக்கின் இழுப்பு, வளைவில் வருகிற தள்ளு, எல்லாவற்றையும் தாங்குவதும் அதுதான். ஆனால் அது வெளியே தெரியாது. வெளியே தெரியாத எதற்கும் சகலையிடம் மரியாதை கிடையாது.

நான் சொல்ல வந்த பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு வேலையாக அவர் காரில் போனேன். வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் இடது முன்சக்கரத்திலிருந்து 'உர்ர்ர்' என்று ஒரு முனகல்.

"சகலை, முன்னாடி பேரிங் போயிருக்கு போலிருக்கே?"

"அது இன்ஜின் சத்தம் சகலை. ரேஸ் இன்ஜின் அப்படித்தான் உறுமும்."

"திரும்பும்போது மட்டும் உறுமுற இன்ஜினா?"

சிக்னலில் பிரேக்கை மிதித்தார். பெடல் அடிவரைக்கும் இறங்கியது. மறுபடி மிதித்த பிறகே வண்டி நின்றது. பேரிங்கில் ஆட்டம் இருந்தால் பிரேக் வட்டு அசைந்து பட்டைகளைத் தள்ளிவிடும். முதல் மிதி வீணாகும். பஸ் ஓட்டும் எவருக்கும் இது தெரியும்.

"ரெண்டு தடவ மிதிக்கணும். அதுதான் ரேஸ் ஸ்டைல்" என்றார் சகலை.

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

பந்தய நாளன்று ஒன்பது வண்டிகள். கடைசிச் சுற்றில் சகலை ஆறாவதாக வந்துகொண்டிருந்தார். கடைசி வளைவு வலப்பக்கம் திரும்பி, முடிவுக்கோட்டை நோக்கி நேராக நீளும். அதில், இருக்கிற எல்லா வேகத்தோடும் திரும்பினார். வண்டியின் மூக்கு திடீரென்று தரையில் குத்தியது. இடது முன்சக்கரம் ஹப்பின் முகத்தையும் வளையத்தையும் பிய்த்துக்கொண்டு தனியாகக் கிளம்பியது. கார் தீப்பொறி பறக்க மணலுக்குள் சறுக்கியது. பின்னால் வந்தவர்கள் ஒதுங்க, முன்னால் போன இரண்டு பேர் என்ன சத்தம் என்று பார்க்க வேகத்தைக் குறைத்தார்கள். சக்கரம் குறைக்கவில்லை. நேர்கோட்டில், யாரோ ஓட்டுவதுபோல நிதானமாக உருண்டு, அந்த இரண்டு பேரையும் தாண்டி, கோட்டைக் கடந்து, தண்ணீர் டிரம்மில் மோதிப் படுத்தது.

மைக் பிடித்தவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மின்னலோட சக்கரம் நாலாவதா வந்திருக்கு! மின்னல் எங்கப்பா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். பதினோரு வருடச் சிரிப்பு அது.

கொழுந்தியா மட்டும் ஓடிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே நானும் போனேன். சகலை கதவைத் திறந்து இறங்கினார். மணலிலேயே உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்ற வரவில்லை. அவள்தான் வாரை அவிழ்த்தாள். உள்ளே இருந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மிதிச்சேன்... ஒண்ணுமே இல்ல. காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. பயந்துட்டேன்டி" என்றார். அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார்.

அவரை எனக்குப் பிடித்தது அன்று ஒரு நாள்தான்.

அவரைத் தூக்கி நிறுத்திவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, சக்கரத்துல ஏதோ சத்தம் வருதுன்னு நீங்க அன்னிக்குச் சொன்னதா நேத்து அக்கா பேச்சோட பேச்சா சொன்னா. உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"ஒரு தடவ சொன்னேம்மா. அவர் கேக்கல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம். ஒரு போன் போதும். இவர் ஒருநாள் நாலு பேர் முன்னால் அவமானப்பட வேண்டும் என்ற ஆசை என் வாயைக் கட்டியிருந்தது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? நாற்பது பிள்ளைகளின் உயிரைக் கையில் வைத்து ஓட்டுகிறேன் என்று பெருமை பேசுகிறவன் நான். ஒரு உயிரை வைத்து வேடிக்கை பார்த்திருந்தேன். சகலையை எத்தனை கேவலமாக நினைத்தேனோ, அதில் ஒரு பங்கை அன்று எனக்கும் ஒதுக்கிவைத்தேன்.

முன் ஹப் இரண்டையும் பலமானதாக மாற்றிச் சோதித்துக் காட்டாமல் கார் ஓடுதளத்துக்குள் வரக்கூடாது என்று பந்தயக் குழு சொல்லிவிட்டது. பரிகாரமாகச் சகலையை நானே லேத் பட்டறைக்கு அழைத்துப் போனேன். எங்கள் பஸ்களுக்கு வேலை செய்கிற பட்டறை. நடத்துவது ஒரு அம்மா, எங்களுக்கெல்லாம் லேத்தம்மா, ஐம்பது வயது இருக்கும். பேச்சைவிட அளவுகோலை அதிகம் நம்புகிறவர். உடைந்த ஹப்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்ப உடைஞ்சது?"

"ஞாயித்துக்கிழமை" என்றார் சகலை.

"இல்ல சார். இங்க பாருங்க. இந்தப் பாதி கருத்துப்போய் மழமழன்னு இருக்கு. இது விரிசல் விட்டு ரொம்ப நாளாச்சு. இந்த மீதிதான் பொடிப்பொடியா பளபளன்னு இருக்கு. ஞாயித்துக்கிழமை உடைஞ்சது இவ்வளவுதான். என்ன தொழில் பண்றீங்க?"

"கண்ணாடிக் கடை."

அந்த அம்மா ஹப்பை ஒரு தடவை பார்த்தார், சகலையை ஒரு தடவை பார்த்தார். வாயால் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

ஆனால் சகலை அதற்குள் தெளிந்துவிட்டிருந்தார். முட்டியில் ஒட்டிய மணல் போக ஒரு வாரம் ஆனது. மனசில் ஒட்டியது மூன்றே நாளில் உதிர்ந்துவிட்டது. போனை எடுத்து ஒரு படம் காட்டினார். அலுமினியத்தில், சிவப்புச் சாயம் ஏற்றி, அழகழகாய் ஓட்டை போட்ட ஹப்.

"எனக்கு இந்த மாதிரி வேணும்."

"இத ஷோகேஸ்ல வைங்க. வண்டிக்கு வேணாம். இதே கம்பெனியோட வேன்ல பெரிய பேரிங் வருது. அது உக்கார்ற மாதிரி உங்க வண்டில பேரிங் இருக்கற கூட்டைக் கடைஞ்சு பெருசாக்கணும். ஹப்பை நல்ல அடிச்ச இரும்புல, முகத்தை இன்னும் கனமா வச்சுக் கடைஞ்சு தர்றேன். போல்ட்டும் நீளமா போடணும், நட்டு முழுசாக் கடிக்கணும். இந்த வளையத்தைத் தூக்கிப் போடுங்க."

"வளையம் இல்லன்னா சக்கரம் உள்ள போயிருமே. வண்டி ஒல்லியாத் தெரியுமே!"

"தெரியட்டும். மூணு சக்கரத்தோட தெரியறதுக்கு இது பரவாயில்ல."

நான் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

வேலை பத்து நாள் நடந்தது. மாலையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு நானும் போய் நிற்பேன். இரும்புச் சுருள்கள் நீலமாக உதிரும். கடைந்து முடித்த ஹப்பில் லேத்தம்மா கடிகாரம்போல முள் வைத்த ஒரு அளவியை வைத்து மெல்லச் சுற்றுவார். முள் இம்மி அசைந்தாலும் மறுபடி கடைசலில் ஏற்றுவார். கொழுந்தியாவும் கடையை அடைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்வாள். பேரிங்கை ஏன் அடித்து இறக்காமல் அழுத்தி இறக்குகிறார், பெரிய நட்டை ஏன் இத்தனை பலத்துக்குத்தான் இறுக்க வேண்டும் என்றெல்லாம். சகலை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுக்கு மேல சிவப்பு பெயின்ட் அடிச்சா ஒட்டுமா?"

கடைசி நாள் நட்டு இறுக்கும்போது, இறுக்கத்தை அளந்து காட்டுகிற அந்த நீளமான ஸ்பானரைத் தான் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். பிடித்தார். பல்லைக் கடித்து, புஜத்தைக் காட்டி, கொழுந்தியாவைப் போட்டோ எடுக்கச் சொன்னார்.

"எடுத்தாச்சா?" என்று கேட்டார் லேத்தம்மா. "அப்ப தள்ளுங்க, நான் இறுக்கறேன்."

அடுத்த பந்தயத்தில் சகலை ஏழாவதாக வந்தார். முழுசாக, நாலு சக்கரத்தோடு. வளைவில் முனகல் இல்லை. பிரேக் முதல் மிதியிலேயே பிடித்தது. வண்டியில் இனி எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஏழாவது என்பது ஓட்டியவருக்கே உரியது என்பதும் அன்று தெளிவானது. அதைச் சொல்லிக் காட்டலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கொழுந்தியா பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன்.

மனிதர் மாறிவிட்டார் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். அவர் மாறவில்லை. ஒரு மாதம் கழித்து எனக்குப் புதுக் கண்ணாடி போடப் போனேன். கடையில், பந்தயத்தில் நீலக் கார் ஓட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார். சகலை அவர் மூக்கில் ஒரு ஃப்ரேமை மாட்டிவிட்டு, ஹப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் இன்ஜினைப் பாக்கறாங்க சார். நான் எப்பவுமே முதல்ல ஹப்பைத்தான் பாப்பேன்."

"எனக்கும் அதே மாதிரி பண்ணணும். யாரு பண்ணினது?"

"டிசைன் நம்மோடது. ஒரு லேடி கடைஞ்சு குடுத்தாங்க."

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. எனக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்த கொழுந்தியா, குச்சியைக் கீழே வைக்காமலே குரல் கொடுத்தாள்.

"டிசைனும் அவங்களோடதுதான் சார். விலாசம் எழுதித் தர்றேன். அந்த ஃப்ரேம் உங்களுக்கு நல்லாவே இல்ல, வேற பாருங்க." பிறகு என்னிடம், "மூணாவது வரி படிங்க மாமா" என்றாள். எனக்குச் சிரிப்பில் எழுத்தெல்லாம் ஆடியது.

லேத்தம்மாவுக்கு அதற்குப் பிறகு ஓடுதளத்திலிருந்து ஐந்து வண்டிகள் வந்தன. சகலை இரண்டு நாள் மனைவியோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார். பேசாமல் இருந்தால் அவருக்கல்லவா மூச்சு முட்டும்? இப்போது காரின் பின்பக்கத்துக்கு ஒரு பெரிய றெக்கை வாங்கப் போகிறாராம். போன வாரம் படத்தைக் காட்டி, இந்த அகலம் போதுமா என்று என்னிடமே கேட்டார்.

"தாராளமாப் போதும் சகலை. ரெண்டு போர்வை காயப்போடலாம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அகலத்தைக் குறித்துக்கொண்டார்.