ஒரு விரல் கண்

வாப்பா சவூதிக்குப் போன அன்று எங்கள் வகுப்பு ஜன்னலில் அடித்திருந்த கம்பிவலையின் கண் ஒரு விரல் அகலம். இரண்டு விரல் இருந்திருக்கலாம். நாலு விரல் இருந்திருந்தாலும் ஊரில் யாருடைய குடியும் முழுகியிருக்காது. ஒரு விரல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் வேறு யாருமில்லை, என் வாப்பாவேதான். இந்த விஷயத்தில் அவரோடு எனக்கு இன்றைக்கும் ஒரு சண்டை இருக்கிறது. சண்டை பிடிக்கத்தான் அவர் இல்லை.

கல்முனைக்குத் தெற்கே, கடற்கரை வீதியில் இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். சூறாவளி அதன் ஜன்னல் கதவுகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போனபின், சில வருடங்களுக்கு ஜன்னல் என்பது சுவரில் சதுரமான ஓர் ஓட்டை, அவ்வளவுதான். எங்களுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. கடற்காற்று தானாகவே புத்தகத்தைப் புரட்டும். மணியடித்ததும் வாசலால் போகிறவர்கள் சோம்பேறிகள். மற்றவர்கள் ஜன்னலால் குதிப்போம். வீதியால் போகிற சொந்தக்காரர்கள் எட்டிப் பார்த்து, "திண்டயா புள்ள?" என்று பாடத்தின் நடுவிலேயே சாப்பாட்டை விசாரிப்பார்கள். வாப்பா கடற்கரையிலிருந்து திரும்பும்போது அந்த ஓட்டையால் கையை விட்டு என் தலையைத் தடவிவிட்டுப் போவார். கை முழுக்க மீன் வாடை. நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையை இழுத்துக்கொள்வேன்.

கள்ளனும் அதே ஓட்டையால்தான் வந்தான். முதலில் சுவர்மணிக்கூடு போனது. அதற்கு யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பிறகு பந்து போனது, பையன்கள் அழுதார்கள். ஒரு நாள், இடைவேளையில் எங்களுக்குக் கொடுக்கவென்று வைத்திருந்த விசுக்கோத்துப் பெட்டிகள் முழுசாகப் போய்விட்டன. அப்போதுதான் ஊர் கொதித்தது. அதிபர் பெற்றோர்களைக் கூட்டினார்.

வாப்பா கரைவலைக்காரர். வலையில் உள்ள ஓட்டையைக் கண் என்பார்கள். அதை விரலால் அளப்பார்கள். வாப்பா உலகத்தையே அப்படித்தான் அளந்தார். கூட்டத்தில் அதிபர், ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி போடலாம், தன் அறையில் இருப்பதைப் போல, என்று சொன்னதும் எழும்பிவிட்டார்.

"சேர், கம்பி போட்டா கள்ளன் வரமாட்டான் எண்டு ஆரு செல்லின? பொறுங்க, ஒரு கள்ளிய உட்டுக் காட்டுறன்."

கள்ளி நான்தான். என்னைத் தூக்கிக்கொண்டுபோய் அதிபரின் ஜன்னலில் வைத்தார். நான் அந்தக் காலத்தில் ஈர்க்கில் மாதிரி இருப்பேன். தலையைச் சரித்து, தோளைத் திருப்பி, மறுபக்கம் அதிபரின் மேசைமேல் போய் நின்றேன். கூட்டம் சிரித்த சிரிப்பில் அதிபருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வயதில் நான் பெற்ற ஒரே பெரிய வெற்றி அது.

"அப்ப கம்பிவலை அடிப்பம். கண் எத்தின அங்குலம் வேணும்?" என்று அதிபர் கேட்டார்.

"அங்குலம் எனக்குத் தெரியா சேர். ஒரு விரல் கண்ணு."

இரண்டு விரலாவது இருக்கட்டும், காற்று வர வேண்டாமா என்று எங்கள் வகுப்பு டீச்சர் கெஞ்சிப் பார்த்தா. வாப்பா அசையவில்லை. இரண்டு விரல் என்றால் கள்ளன் கொக்கி விட்டு இழுப்பானாம். உம்மா இதைக் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டா. "இந்த மனிசனுக்குக் கண்டதெல்லாம் வலதான்."

வலை வந்தது. தச்சன் அடிக்க அடிக்க, வாப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு கண்ணிலும் ஆட்காட்டி விரலை விட்டுப் பார்த்தார். வகுப்பு இருண்டது. நாங்கள் அதற்குக் கோழிக்கூடு என்று பெயர் வைத்தோம். ஜன்னலால் குதிப்பதும் போயிற்று, தலையில் மீன் வாடையும் போயிற்று. வாப்பா மட்டும் திருப்தியாக இருந்தார். தன் வலையை மணலில் விரித்து, அறுந்த கண் இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவாரே, அதைப்போல பள்ளிக்கூடத்து ஜன்னல்களையும் இடைக்கிடை வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போவார்.

அடுத்த வருடம் கடல் கைவிட்டுவிட்டது. வலையை இழுத்தால் பாசிதான் வந்தது. வீட்டில் பெரியவர்கள் கூடிக்கூடிக் கதைத்தார்கள். நான் போனால் கதை மாறும். சவூதி என்ற சொல் என் காதில் விழுந்தது. அங்கே போகிறவர் யாரென்பது மட்டும் விழவில்லை. வீட்டின் கடைசிப் பிள்ளை நான். வாப்பா பக்கத்தில் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. "அவக்குச் செல்லிப்போடாதீங்க, காச்சல்ல விழுந்திருவா" என்று மாமா எல்லோருடைய வாயையும் கட்டி வைத்திருந்தது பின்னால்தான் தெரியவந்தது.

அன்று காலையில் வாப்பா சாரத்துக்குப் பதிலாக நீளக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தார். எங்கே என்று கேட்டேன்.

"கல்முனைக்கி ஒரு வேலயாப் போறன் மகள்."

கல்முனைக்குக் காற்சட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியிருந்தது.

ஏழாம் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தபோது ஜன்னல் இன்னும் இருண்டது. பார்த்தால் வாப்பா. பின்னால் வீதியில் ஒரு வான், அதற்குள் மாமா. வாசலால் வந்தால் நான் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வேன், பிறகு வான் புறப்படாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். என் இடம் ஜன்னலோரம்.

"மகள்."

"என்ன வாப்பா?"

"ஒண்டுமில்ல."

ஒன்றுமில்லை என்றவர் போகவில்லை. வலையில் உள்ளங்கையை வைத்து, இடது மூலையிலிருந்து தடவத் தொடங்கினார். மேலே போனார், கீழே வந்தார், வலது பக்கம் போனார். பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழும்பி நின்று வகுப்புக்கே கேட்கச் சொன்னேன்:

"எங்கட வாப்பா வல சரியா இரிக்கா எண்டு பாக்காரு டீச்சர்!"

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டா. எழுதி முடித்த பலகையில் என்ன எழுத நின்றாவோ.

வாப்பா கடைசியில் ஒரு கண்ணால் ஆட்காட்டி விரலை உள்ளே விட்டார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கடற்கரைக்குப் போகும்போது நான் பிடித்து நடக்கிற அதே விரல்.

"வரக்குள்ள தோடம்பழ இனிப்பு வாங்கிட்டு வாங்க."

"ஓம் மகள்."

வான் ஹோர்ன் அடித்தது. விரல் போகவில்லை. "போங்க வாப்பா, பாடம் நடக்குது," என்று நான்தான் அதை வெளியே தள்ளிவிட்டேன். பின்னால் பையன்கள், "வலயில ஆள் பட்டிட்டாரு!" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பின்னேரம் வீட்டு வாசல் படலையில் இனிப்புக்காக நின்றேன். இருட்டும்வரை நின்றேன். உம்மா குசினியில் புகைக்குக் கண் கலங்குகிறது என்றா. அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

வாப்பா திரும்பி வந்தபோது நான் பெரியபிள்ளையாகி, தலையில் முக்காடு ஏறி, பள்ளிக்கூடமும் நின்று, கதவுக்குப் பின்னால் நிற்கிற வயதுக்கு வந்திருந்தேன். வரும் வழியில் கல்முனையில் வானை நிறுத்தி வாங்கினாராம், ஒரு பேப்பர் சரை நிறைய ஆரஞ்சு நிறத் தோடம்பழ இனிப்பு. என் தலையைத் தொடக் கையைத் தூக்கியவர், என்ன நினைத்தாரோ, சரையைக் கையில் தந்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார். சவர்க்கார வாசம் வந்தது. மீன் வாடை துளிகூட இல்லை. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, பள்ளிக்கூடத்து ஜன்னலில் வர வேண்டிய அழுகை.

இப்போதும் எங்காவது கம்பிவலை அடித்த ஜன்னலைக் கண்டால் என் விரல் தானாகக் கண்ணை அளந்து பார்க்கிறது. அன்று வகுப்புக்கே கேட்க நான் சொன்னது பிழை. வாப்பா வலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. எங்காவது ஒரு கண் அறுந்திருக்காதா, என் தலையை ஒரு தரம் தடவ ஒரு கை போகாதா என்று மூலைக்கு மூலை தேடியிருக்கிறார். ஒரு கண்கூட அறுந்திருக்கவில்லை.