கயிறு இழுபட்டபோது

2009 ஏப்ரலில், வன்னிப் போருக்குள் அகப்பட்ட தம்பியின் செய்திக்காகக் காத்திருந்த நாட்களில், லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் முகத்துவாரத்தின் கலங்கிய குளிர்நீரில் மூழ்கிக் கிடந்த பெயர் தெரியாத கப்பலொன்றை முக்குளித்துத் தடவிக்கொண்டிருந்தேன். இடுப்புக் கயிற்றின் மறுமுனை படகில் மகளிடம் இருந்தது. நான்கு முறை இழுபட்டால் உடனே மேலேற வேண்டும். இழுபட்டது. பித்தளைத் தகடொன்றில் எழுத்துகள் விரலில் தட்டுப்பட்டதால் நான் ஏறவில்லை.

ஏறியபோது மகள் அழுதுகொண்டிருந்தாள். "சித்தப்பா போன் எடுத்தவர், அப்பா. நீங்கள் வாறியள் எண்டு மறிச்சு வச்சிருந்தனான். அங்க வரிசையில நிண்ட சனம் போனைக் கேட்டுதாம், வச்சிட்டார். கயிறு இழுத்தது தெரியேல்லையோ?"

"தெரியேல்லைப் பிள்ளை" என்றேன்.

அடுத்த மாதம் போர் முடிந்தது. தம்பி பிறகு அழைக்கவேயில்லை. இன்னும் பலமாக இழுத்திருக்க வேண்டும் என்று மகள் தன் கைகளையே நொந்துகொள்கிறாள். இன்றுவரை நான் அவளைத் திருத்தவில்லை.