புத்தகத்தில் மட்டும் சூடான எஞ்சின்

ஆஞ்சலா என் மருமகள். ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். ரயில்வேயில் வேலை என்றால் டிக்கெட் கொடுக்கிற வேலை என்றுதான் பாதிப் பேருக்கு நினைப்பு. அவள் வேலை எஞ்சினை ஆறவிடாமல் பார்த்துக்கொள்வது. அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். குளிக்கப் போகிற பத்து நிமிடத்துக்காக இரண்டு மணி நேரம் கெய்சரை எரிய விடுகிறவர்கள் இவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

என் மகன் ஃபிராங்க்ளின் டீசல் ஷெட்டில் ஃபிட்டராக இருந்தான். நெஞ்சுவலியில் அவன் போன பிறகு கருணை அடிப்படையில் இவளுக்கு வேலை கொடுத்தார்கள். கருணை என்பது காகிதத்தில்தான். முதல் இரண்டு வருடம் ஃபைல் தூக்கவும் டீ வாங்கி வரவும் வைத்திருந்தார்கள். இவள் வாயைத் திறக்காமல் பரீட்சை எழுதி, சோதனையில் ஸ்பானர் பிடித்துக் காட்டி, டெக்னீஷியன் ஆனாள். அன்று ஷெட்டில் லட்டு கொடுத்தாளாம். அவளை டீ வாங்க அனுப்பியவர்கள்தான் ஆளுக்கு இரண்டு எடுத்தார்களாம்.

இப்போது வண்டிகளெல்லாம் கரண்டில் ஓடுகின்றன. ஆனாலும் மேலே போகிற கம்பி அறுந்தாலோ கரண்ட் நின்றாலோ இழுத்துக்கொண்டு போக ஒரு டீசல் எஞ்சின் யார்டில் தயாராக நிற்க வேண்டும். தயார் என்றால் சும்மா நிற்பதல்ல. உள்ளே இருக்கிற தண்ணீர் சூடாகவே இருக்க வேண்டும். அதற்கென்று எஞ்சினுக்குள்ளேயே இன்னொரு சின்ன எஞ்சின் உண்டு. பெரியது தூங்கும்போது சின்னது ஓடித் தண்ணீரைச் சூடாக வைத்து, பேட்டரியையும் சார்ஜ் செய்யும். சின்னது கெட்டுப் போனால் பெரியதையே அவ்வப்போது ஓட்டிச் சூடேற்ற வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரின் சூட்டைப் பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துக்கொள்வதைவிட இதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. செய்தால் போதும்.

நவம்பரில் சின்ன எஞ்சின் கெட்டது. மாற்றுச் சாமான் வரும் வரும் என்றார்கள். அதனால் பெரியதை ஓட்டினார்கள். யார்டு மதிலுக்கு அந்தப் பக்கம் புதிதாகப் பதினாலு மாடி எழும்பியிருக்கிறது. ரயில் பாதை ஓரத்தில் வீடு வாங்கிவிட்டு, ரயில் சத்தம் கேட்கிறதே என்று புகார் எழுதுகிறவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். புகையையும் சத்தத்தையும் வீடியோ எடுத்து யார் யாருக்கோ அனுப்பினார்கள். மேலே இருந்து சூப்பர்வைசர் தினேஷுக்கு போன் வந்தது. அவர் ஆட்களைக் கூப்பிட்டு, எஞ்சினை நிறுத்தி வையுங்கள் என்று வாயால் சொன்னார். எழுதித் தரவில்லை. புத்தகத்தில் மட்டும் அறுபது டிகிரி என்று வழக்கம்போல எழுதச் சொன்னார். சூடாக வைக்கவில்லை என்று எழுதினால் மேலே இருந்து இன்னொரு போன் வருமே.

அந்த வேலையில் நான்கு பேர் மாற்றி மாற்றி வருவார்கள். நான்கு பேரும் அறுபது என்று எழுதினார்கள். ஆஞ்சலாவும் எழுதினாள். முதல் இரண்டு நாள். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, எழுதினாள். மூன்றாம் நாள் காலையில் போய் மீட்டரைப் பார்த்தால் இருபத்திரண்டு. பேனாவை எடுத்து இருபத்திரண்டு என்று எழுதிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைப் பார்த்திருந்தால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது, அவள் சொல்லித்தான் தெரியும். காலை ஆறு மணிக்கு அறுபது. எட்டு மணிக்கு இவள் வந்ததும் இருபத்திரண்டு. பத்து, பன்னிரண்டு, இரண்டு மணிக்கும் இருபத்திரண்டு. நாலு மணிக்கு அந்த நால்வரில் ஒருவனான லாயிட் வந்ததும் மறுபடி அறுபது. நிறுத்தி வைத்த எஞ்சின் அவன் முகத்தைப் பார்த்தே கொதித்துவிடும் போலிருக்கிறது. எத்தனை படித்தவர்கள் அந்தப் பக்கத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்களோ, ஒருவரும் கேட்கவில்லை.

தினேஷ் மட்டும் கேட்டார்.

"மேடம், எல்லாரும் ஒண்ணு எழுதறாங்க, நீங்க ஏன் வேற எழுதறீங்க?"

"மீட்டர்ல என்ன இருக்கோ அதைத்தான் சார் எழுதறேன்."

"மீட்டர் இருக்கட்டும் மேடம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க. ஹுப்ளி ஷெட்ல ஆள் பத்தலைன்னு கேட்டுட்டே இருக்காங்க. நான்தான் உங்க பேரைக் கொடுக்காம வெச்சிருக்கேன்."

"அப்போ எஞ்சினை ஸ்டார்ட் பண்ண விடுங்க சார். நானே அறுபதுன்னு எழுதறேன்."

"அதான் முடியாதுங்கறேனே."

"முடியாதுன்னு எழுதிக் கொடுங்க."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கிற ஹுப்ளிக்குப் போனால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பேத்தி பத்தாவது. நடு வருடத்தில் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது. பிள்ளை இங்கே, தாய் அங்கே. நான் ஆஞ்சலாவிடம் சொன்னேன், "ரெண்டு எழுத்துதானே, எழுதித் தொலை." அவள் கேட்கவில்லை. என் பேச்சை அவள் கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. சோறு மட்டும் ஒழுங்காக வடிப்பாள்.

டிசம்பரில் ஒரு காலை, குளிர் எலும்பைப் பிடிக்கிற நேரம், கம்பி அறுந்து ஒரு பாசஞ்சர் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. டீசல் எஞ்சினைக் கொண்டு வா என்று உத்தரவு. வேலையில் இருந்தது ஆஞ்சலா. தினேஷ் ஓடி வந்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க மேடம், சீக்கிரம்."

"பதினெட்டு நாளா நிக்குது சார். சிலிண்டர் குழாயைத் திறந்து பார்க்காம ஸ்டார்ட் பண்ண முடியாது."

விஷயம் இதுதான். எஞ்சின் ஆறினால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்கள் சுருங்கும். சுற்றிலும் நிற்கிற தண்ணீர் மெல்லக் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கும். தெரியாமல் ஸ்டார்ட் செய்தால், அந்தத் தண்ணீர் நசுங்காது, இரும்புத் தண்டுதான் வளையும். அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இருக்கிற சின்னக் குழாயைத் திறந்துவிட்டு, கனமான இரும்புக் கம்பியைச் செருகி எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். தண்ணீர் இருந்தால் குழாய் வழியே வந்துவிடும். சின்னக் குழந்தைக்கும் புரியும். தினேஷுக்கும் புரியும், ஆனால் அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"புக்ல அறுபதுன்னு இருக்கே மேடம். சூடான எஞ்சினுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"புக்கை வெச்சு இழுத்துட்டுப் போங்க சார்," என்றாளாம் இவள். ஐந்து வருடத்தில் அவள் ஷெட்டில் பேசிய ஒரே குத்தல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். வீட்டில் என்னிடம் பேசுவது கணக்கில் இல்லை.

சார்ஜ் ஷீட் கொடுப்பேன் என்று அவர் கத்திக்கொண்டிருக்க, இவள் பதினாறு குழாயையும் திறந்தாள். உதவிக்கு நிற்கிற இரண்டு கலாசிகள் கம்பி போட்டுச் சுற்றினார்கள். பதினொன்றாம் சிலிண்டரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்துத் தினேஷின் சட்டையை நனைத்தது. கடவுள் சில நேரம் சரியான இடத்தில்தான் தெளிக்கிறார்.

அந்த எஞ்சின் அன்று போகவில்லை. வேறு எஞ்சின் தூரத்திலிருந்து வர இரண்டரை மணி நேரம். வண்டிக்குள் இருந்தவர்கள் வீடியோ எடுத்தார்கள். அதனால் விசாரணை வந்தது.

விசாரிக்க வந்தவர் அம்புஜம் என்று ஒரு அதிகாரி. கண்டிப்பானவர் என்று பேர். எஞ்சினுக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. எப்போது ஓடினோம், எப்போது நின்றோம் என்று அதுவே எழுதி வைத்துக்கொள்ளும். மனிதர்கள் எழுதுவதை நம்ப முடியாது என்று அதைச் செய்தவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அம்மாள் அதைத் தன் லேப்டாப்பில் இறக்கிப் பார்த்தார். பதினெட்டு நாள் எஞ்சின் ஓடவே இல்லை. புத்தகத்தைத் திறந்தார். அறுபது, அறுபது, அறுபது.

"ஆஞ்சலா நீங்கதானே? நீங்க மட்டும்தான் நிஜத்தை எழுதியிருக்கீங்க."

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். அந்த அம்மாள் வேறெதையும் கேட்கவில்லை. ஆனால் இவள் பக்கத்தை இரண்டு திருப்பி, விரலை வைத்துக் காட்டினாள்.

"மேடம், இந்த ரெண்டு நாள் அறுபது என்னோடது."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவளைப் பார்த்தாராம். அப்புறம் அதையும் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது. பொய்யாக எழுதிய நால்வரையும் வெவ்வேறு ஷெட்டுக்கு மாற்றினார்கள். இவளுக்கு ஹுப்ளி. தினேஷுக்கு ஒன்றுமில்லை. அவர் எழுதவே இல்லையே, வாயால்தானே சொன்னார். அந்தப் புத்தகம் முழுக்கத் தேடினாலும் அவர் சொன்னது ஒரு வரி கிடையாது. எழுத்துத் தெரிந்தவர்களின் சாமர்த்தியம் எழுதாமல் இருப்பதில்தான் இருக்கிறது என்று எழுபத்தொரு வயதில் கற்றுக்கொண்டேன்.

மற்ற மூவரும் ஒரு வாரத்தில் மாற்றலை ரத்து செய்துகொண்டார்கள். ஒருவருக்கு முதுகுவலி. இன்னொருவர் யூனியன் ஆள். லாயிடின் மாமனாருக்குக் கண் ஆபரேஷன். அந்த மாமனாரை ஞாயிறு பூசையில் பார்த்தேன், பாட்டுப் புத்தகத்தைக் கண்ணாடி இல்லாமல் படித்துக்கொண்டிருந்தார். பூசை முடிந்து லாயிட் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"ஆண்ட்டி, உங்க முழங்காலைக் காட்டி ஒரு சர்ட்டிபிகேட் வாங்குங்க. நிஜமாவே நடக்கக் கஷ்டப்படறவங்கதானே நீங்க. அக்கா இங்கேயே இருக்கலாம்."

"உன் மாமனார் கண்ணு எப்படிப்பா இருக்கு?"

"அது... பரவாயில்ல ஆண்ட்டி."

"பரவாயில்லைன்னு தெரியுது. காபி குடிச்சிட்டுப் போ."

அவன் போன பிறகு ஆஞ்சலாவைப் பிடித்துக்கொண்டேன். "ரெண்டு அறுபதை நீயா ஏன் காட்டின? அந்தம்மா கேக்கலையே."

"கேட்டாத்தான் சொல்லணுமா அத்தை?"

"இப்போ பாரு. பொய் எழுதினவனெல்லாம் இங்கே, நீ ஹுப்ளியில."

"அந்த ரெண்டையும் மறைச்சிருந்தா, மிச்சத்தை மட்டும் எப்படி நம்பச் சொல்றது?"

"என் முழங்கால் நிஜம்தானே? அதைக் காட்டேன்."

"காட்டினா லாயிட் மாமனார் கண்ணோட சேர்த்து அதையும் ஒரே ஃபைல்ல வெப்பாங்க."

 புளிக்குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பைகளோடு போனாள். பேத்தி என்னோடு இருக்கிறாள். பரீட்சை முடியும்வரை நான்தான் அவளை எழுப்ப வேண்டும், அவள் எழுந்திருக்கமாட்டாள், அது தனிக் கதை. மறுநாள் சாயங்காலம் ஆஞ்சலா போன் செய்தாள். ரூம் கிடைத்ததாம். குளிர் இங்கே மாதிரி இல்லையாம். ரொட்டிதான் சாப்பிட்டாளாம்.

"அங்கேயும் எஞ்சினை சூடா வெக்கற வேலைதானா?" என்றேன்.

"ஆமா அத்தை."

"புக்ல என்ன எழுதறாங்க?"

"போன மாசம் முழுக்க அறுபத்தஞ்சு."

"அப்போ அங்கே நம்மளைவிட அஞ்சு டிகிரி ஜாஸ்தி யோக்கியனுங்க."

அவள் சிரித்தாள். "நீ என்ன எழுதின?" என்று கேட்டேன்.

"இன்னும் எழுதல. எஞ்சின் அந்தக் கோடியில நிக்குது. போய்ப் பார்த்துட்டு வந்து எழுதறேன், வெச்சிடறேன் அத்தை."