அம்மாவுக்கு வலி நின்றது

என் அம்மா பவுனு ஏலக்காய் எடுக்கப் போகிறவள். கோம்பையிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத் தோட்டத்துக்குப் போய், இருட்டும்போது திரும்புவாள். ஜீப்பில் பாதிப் பேர் தொங்கிக்கொண்டுதான் போவார்கள். டிரைவருக்குப் பின்னால் உட்காரும் இடம் அம்மாவுடையது. ஒருநாள் போகாவிட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும். அதனால் காய்ச்சலோடும் போவாள். பிஞ்சுக் காயை எடுத்துவிட்டாள் என்று சூப்பர்வைசர் திட்டினால், "சாரே, கண்ணாடி போடணும் சாரே. எனக்கில்ல, ஒங்களுக்கு" என்பாள். அவரும் சிரித்துவிடுவாராம்.

போன ஐப்பசியில் தோட்டத்திலேயே வயிற்றுவலி வந்தது. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கியது. கூடவே வாந்தி. மதுரையில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீசியனாக இருக்கும் எனக்கு, இது குடல்வால் என்று சொல்ல இவ்வளவு போதும். ஆனால் என்னிடம் யாரும் சொல்லவில்லை. மூட்டை தூக்கியதில் குடல் ஏறிக்கொண்டது என்று ஜீப்பிலேயே முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் தெருவில் வயிறு வலித்தால் குடலேத்தம்தான். வேறு நோயே கிடையாது.

குடலேத்தத்துக்குக் கர்ணன். விளக்கெண்ணெய் தடவி, கட்டைவிரல்களால் வயிற்றை அழுத்தி வழித்துவிடுகிறவன். ஊரே 'அவுக' என்று சொல்லும் ஆள். நான் 'அவன்' என்றுதான் எழுதுவேன்.

அன்று ராத்திரி அம்மாவைப் பாயில் படுக்கவைத்து வழித்தான். அம்மா அலறியிருக்கிறாள். அவளுடைய தம்பி, என் மாமா பொன்னுராஜ், அவள் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். திடீரென்று வலி நின்றது.

"பாத்தியா, எறங்கிருச்சு" என்றானாம் கர்ணன்.

சீழ் பிடித்து வீங்கிய குடல்வால் வெடித்தால், உள்ளிருந்த அழுத்தம் போய்விடும். கொஞ்ச நேரம் வலி குறையும். சீழ் வயிறு முழுக்கப் பரவுவது அப்போதுதான். அதைத்தான் என் வீட்டில் சுகம் என்று நினைத்தார்கள். கர்ணனுக்குக் கோழி அடித்துச் சோறு போட்டார்கள். குழம்பு வைத்தது அம்மா. மறுநாள் ஜீப்பிலும் ஏறினாள்.

தோட்டத்திலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். மறுபடியும் கர்ணன் வந்து வழித்தான். அதற்கும் பிறகுதான் எனக்கு போன் வந்தது. மதுரையிலிருந்து வந்து அம்மாவின் வயிற்றில் கை வைத்தேன். பலகை மாதிரி இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு என் விரலில் ஒட்டியது. அவன் அழுத்திய இடமெல்லாம் கன்றிக் கிடந்தது.

தேனி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார் சர்ஜன் ஜெனிபர். என் அப்பா சுருளிவேல், பொன்னுராஜ் மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

"வயித்தக் கிழிச்சுப்புட்டா அப்புறம் எங்கிட்டு வேலைக்குப் போக?" என்றார் மாமா. "ஒருக்கா கர்ணன் பாக்கட்டும். வெளியதான் நிக்கிறாக."

எண்ணெய்க் குப்பியோடு அவனை வார்டு வாசல்வரை கூட்டி வந்திருந்தார்.

"அந்த ஆளு உள்ள வந்தா போலீஸக் கூப்புடுவேன் மாமா."

"படிச்ச திமிரு."

அம்மா கண் திறந்தாள். "ஏலே பொன்னு, நீயும் அவனும் வெளிய போயி மாத்தி மாத்தி வழிச்சுக்கங்க. டாக்டரம்மா, எங்கன கையெழுத்து?" மூச்சு வாங்கியது. "ஏ புள்ள, ஜீப்புக்காரன்ட்ட சொல்லிரு. எடத்த யாருக்காச்சும் குடுத்துரப் போறான்."

ஆபரேஷன் முடிந்ததும் ஜெனிபர் எதையும் மறைக்கவில்லை. "உள்ள பூரா சீழ். கழுவி விட்டிருக்கோம். ரொம்ப லேட்டும்மா." கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. சிறுநீர் நின்றது. ரத்த அழுத்தத்தை மருந்து கொடுத்துத் தாங்கிப் பிடித்தார்கள். பிறகு அதற்கும் நிற்கவில்லை. அம்மா கண் விழிக்காமலே போய்விட்டாள்.

ஊரில் வேறு கதை. "நல்லாத்தான் இருந்தா. கத்தி வச்சாக, போயிட்டா." இழவு வீட்டில் எல்லா வாயும் இதையே சொன்னது. கர்ணன் மாலையோடு வந்தான். "எங் கைக்கு எறங்கித்தான் இருந்துச்சு. கத்தி பட்டதுதான் ஆகல" என்று அழுதான். அவனுக்கு நாற்காலி போட்டு, முதல் காபியைக் கொடுத்தார்கள்.

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ். அம்மா படத்துக்குக் கீழே உறவுக்காரர் முகங்களோடு கர்ணன் முகமும் இருந்தது, கை கூப்பியபடி.

"இந்த மூஞ்சிய எதுக்குப்பா போட்டீக?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"அவுக என்ன பண்ணுனாக ஆத்தா? வலிய நிப்பாட்டுனதே அவுகதான?"

குடல்வால், வெடிப்பு, சீழ் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலேயே சொன்னதுதான். தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்ததும், நேற்றிலிருந்து வயிறு இழுத்துப் பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே, கர்ணனைப் பார்க்க வாசல் பக்கம் போக எழுந்தார். சட்டையைப் பிடித்து உட்காரவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மெத்தென்றுதான் இருந்தது. பட்டினியும் வாயுவும்தான்.

"எங்கூட மதுரைக்கு வந்துருங்கப்பா."

"அங்க எனக்கு யாரு இருக்கா?" என்றார் அப்பா. "இங்கன ஒண்ணுன்னா கர்ணன் இருக்காக."